கூடைக்கு ரெண்டு கிலோ

மூணுபாலத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் போன வாரம் ஏலக்காய் போட்ட கேசரி மணத்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மறந்தவர்களுக்கு ஒரு கரண்டி மட்டும் திரும்பப் பரிமாறுகிறேன்.

வலயக் கல்விக் காரியாலயம் எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் நாலாம் வகுப்புக்கு வாசிப்பிலும் கணக்கிலும் ஒரு பரீட்சை வைத்தது. போன வருஷம் அதில் கடைசியாக வந்த நம்முடைய கீழ்ப்பிரிவுப் பள்ளிக்கூடம் இந்த வருஷம் முதலாவது. அந்த வகுப்புக்குப் படிப்பிப்பவள் ஜெயமலர். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை சிவசாமியின் ஒரே மகள். கடைசியிலிருந்து முதலுக்குத் தாவினால் யாருக்கும் தலை சுற்றும். ஜெயமலரின் அம்மா சண்முகவடிவுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே சுற்றியது. பெரிய சட்டியில் கேசரி கிண்டி, லயத்து வரிசை வீடுகளில் வாசல் வாசலாக ஏறி, "எங்க ஜெயா புள்ளைங்க பஸ்ட்டு" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள். தன் பழைய போட்டிக்காரி காளியாயி வீட்டில் மட்டும் இரண்டு கரண்டி வைத்தாள். பாசம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு கரண்டி வைக்கிற நேரத்துக்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்க முடியவில்லை.

கேசரிச் சட்டி கழுவிக் கவிழ்க்கும் முன்பே, ஹட்டன் காரியாலயத்திலிருந்து ஒரு மேடம் வருகிறார் என்று பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லியனுப்பினார்கள். அந்த மேடம் வருகிற நாள்தான் இது.

சிவசாமி விடிகாலையில் வேலையாட்கள் கூடுகிற பெரட்டுக்களத்தில் ஆள் எடுத்து, பெண்களை மலைக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தபோது, சண்முகவடிவு நாற்காலி மேல் ஏறி நின்று சுவர்க் கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் வேலைக்கு லீவு. கடிகாரத்துக்கு லீவு கிடையாது. தினமும் துடைபடும்.

அந்தக் கடிகாரம் கடையில் வாங்கியதல்ல. போன வருஷத் தோட்டத்து விழாவில், ஆகக் கூடுதலாகக் கொழுந்து எடுத்தவள் என்று தொரை தன் கையால் கொடுத்தது. கணக்கப்பிள்ளை பெண்டாட்டி கூடை தூக்குவாளா என்று கேட்பீர்கள். சிவசாமிக்கு அந்த உத்தியோகம் கிடைத்ததும் வடிவும் கௌரவமாக வீட்டில் இருந்து பார்த்தாள். ஊர்க்கதை காதில் விழாமல் ஆளே இளைத்துப் போனாள். மலையில்தான் பேச்சு இருக்கிறது என்று மறுபடி கூடையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அதற்கு முன்னால் வருஷா வருஷம் அந்தப் பரிசை வாங்கிக்கொண்டிருந்தவள் காளியாயி. கையிரண்டும் தேயிலை மேல் படுவதே தெரியாது, அப்படி ஒரு வேகம். அவளைப் போய், பேசிக்கொண்டே கொழுந்து எடுக்கிற வடிவு ஜெயித்தது எப்படி என்று லயத்தில் சிலர் இன்றைக்கும் தலையைச் சொறிகிறார்கள்.

"என்னங்க, அந்தக் காக்கிக் களுசானைக் கழட்டிட்டு வேட்டியக் கட்டுங்க."

"நான் எதுக்குப் புள்ள? மடுவத்துல கொழுந்து நிறுக்கணும்."

"பள்ளிக்கூடச் சங்கத்துக்குச் செயலாளர் நீங்கதான? மால போட ஆள் வேணாமா?"

"மால அவங்களுக்கா, நமக்கா?"

"மொதல்ல அவங்களுக்கு. அப்பறம் அவங்க எடுத்து நமக்குப் போடுவாங்க. மரியாத தெரிஞ்ச மேடமா இருந்தா."

ஜெயமலர் தலை வாரிக்கொண்டு வெளியே வந்தாள். முன்னால் வைத்த ரொட்டியில் கை வைக்கவில்லை.

"அம்மா, பாராட்டுறதுக்கு வர்றாங்கன்னு யாரு சொன்னா? எங்க அதிபர் சேர் நேத்து தேத்தண்ணிய வாங்கி வச்சிட்டு அப்பிடியே ஆறவிட்டுட்டாரு. அந்த ஆளு சுடுதண்ணி வாங்கினாக்கூட மிச்சம் வைக்க மாட்டாரு."

"சந்தோசத்துல மறந்திருப்பாரு."

ஜெயமலர் ரொட்டித் தட்டை நகர்த்தி வைத்தாள். அவள் தொண்டர் ஆசிரியை. மூன்று வருஷமாகப் படிப்பிக்கிறாள். நிரந்தர நியமனத்துக்கு அவள் பெயர் போயிருக்கிறது, இன்றைக்கு வருகிற மேடத்தின் கையெழுத்துக்காகத்தான் காத்திருக்கிறது. அது அப்பா, அம்மா, மகள் மூவருக்குமே தெரியும். தெரிந்ததால்தான் ஒருத்தி ரொட்டியைத் தொடவில்லை, ஒருத்தி கடிகாரத்தைத் துடைத்தாள், ஒருவர் மறுபேச்சில்லாமல் வேட்டி கட்டினார்.

இந்த ஜெயமலர் படிப்பிக்கிற முறையே தனி. மீன் டின், உர மூட்டை, பஸ் போர்டு என்று எழுத்து எங்கே கண்டாலும் பிள்ளைகள் நின்று சத்தமாக வாசிக்க வேண்டும். கொட்டகலைக்குப் போகிற பஸ்ஸை இந்தப் பிள்ளைகள் வாசித்து முடிக்காமல் டிரைவரால் எடுக்க முடிவதில்லை. கணக்கில் இன்னொரு சட்டம். பத்து மாங்காயில் மூன்று போனால் ஏழு என்று சொன்னால் விடமாட்டாள். அந்த மூன்றை யார் தின்றார்கள் என்றும் சொல்ல வேண்டும். "கழிச்சதும் எங்கயோ ஒரு எடத்துல இருக்கணும்ல?" என்பாள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிவசாமி வைத்துக்கொள்ளவில்லை.

பள்ளிக்கூடம் ஒரே நீள மண்டபம். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் கரும்பலகைதான் சுவர். வாசலில் அதிபர் கனகலிங்கம் வெள்ளை உடுப்போடு நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர். இங்கே வந்த நாளிலிருந்து ஊருக்கு மாற்றம் கேட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டு தடவை கிடைத்தது, இரண்டு தடவையும் வயிற்று வலி என்று எழுதிக் கொடுத்து நின்றுவிட்டார்.

"வாங்கோ சிவசாமி. நீங்கள் வந்தது நல்லதாப் போச்சு. எனக்கு நெஞ்சு படபடக்குது."

"என்னங்க சேர் விசயம்?"

"அவ வந்து சொல்லட்டும். நான் சொன்னா நான் சொன்னதாப் போயிடும்."

மேடம் வந்தார். றுக்கையா மேடம், உதவிக் கல்விப் பணிப்பாளர். முச்சக்கர வண்டி பாலத்தோடு நின்றுவிட்டதால் புல் வழியாக ஏறி வந்திருந்தார். குதிகாலில் இரத்தம் குடிக்கிற ஒரு அட்டை. வடிவு சட்டென்று குனிந்து அதைப் பிடுங்கப் போக, மேடமோ தன் காலில் விழுகிறாள் என்று பதறி, "ஐயோ, என்னா இது, எழும்புங்க, எழும்புங்க" என்று பின்னால் போக, அட்டையும் கூடவே போனது. ஒரு வழியாக அட்டை வந்தது. அடுத்து மாலை விழுந்தது. மேடம் அதைக் கழற்றி மேசையில் வைத்தார். முன்பக்கம் லேசாகக் கழுத்தை நீட்டி நின்றிருந்த வடிவு, கழுத்தைத் தன்பாட்டில் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"நேரா விசயத்துக்கு வாறேன்" என்றார் மேடம். "வாசிப்புல எனக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. கடலாமையப் பத்தின பந்தியை இந்தப் பிள்ளைகள் தடக்காம வாசிச்சிருக்காங்க. எங்கட ஆள் பக்கத்துல நின்டு காதால கேட்டவர். கணக்குலதான் ஒரு கேள்வி. வாசிக்கிறேன், கேளுங்க. மூன்று கூடைகளில் தேயிலைக் கொழுந்து உள்ளது. முதலாவதில் பன்னிரண்டு கிலோ. இரண்டாவதில் பதினைந்து. மூன்றாவதில் பதின்மூன்று. மொத்தம் எத்தனை கிலோ?"

"நாப்பது" என்றாள் வடிவு. கூட்டிப் பார்க்கக்கூட இல்லை, மலையில் பழகின வாய்.

"ஆமா, நாப்பது. இந்த வகுப்புல முப்பத்தொரு பிள்ளைகள். முப்பத்தொரு பேரும் முப்பத்துநாலுன்டு எழுதியிருக்காங்க."

மண்டபத்தில் யாரோ ஒரு பிள்ளை தும்மியது.

"ஒருத்தர் ரெண்டு பேர் பிழை விடலாம். ஆளுக்கொரு பிழை விடலாம். முப்பத்தொரு பேருக்கும் ஒரே பிழைன்டா ஒருத்தர் சொல்லிக் குடுத்திருக்கணும். மத்தக் கேள்வி எல்லாம் சரியாச் செஞ்சதும் அப்பிடித்தானோன்டு காரியாலயத்துல பேசுறாங்க. டீச்சர், பரீட்சை நேரம் வகுப்புல யார் நின்டது?"

ஜெயமலர் எழுந்தாள். "மேற்பார்வைக்கு வந்த சேருக்கு வயித்தால போயிருச்சு மேடம். கணக்குப் பேப்பருக்கு நான்தான் நின்னேன். ஆனா நான் வாயே தொறக்கல."

"வாய் தொறக்காம முப்பத்துநாலு எப்பிடி வந்துது?"

"தெரியல மேடம்."

அது அவளுக்குத் தெரியாததுதான். ஜெயமலர் படிப்பும் ஹொஸ்டலுமாக வளர்ந்தவள். நிறுவை நேரத்தில் மடுவத்துப் பக்கம் வந்ததில்லை. அதிபருக்கும் தெரியாது, அவர் ஊரில் பனைதான். பெண்களெல்லாம் மலையில். வடிவுக்கோ மேடம் சொன்ன 'சொல்லிக் குடுத்திருக்கணும்' என்ற சொல்லிலேயே காது அடைத்துவிட்டது.

அந்த மண்டபத்தில் முப்பத்துநாலு எங்கிருந்து வந்தது என்று தெரிந்த பெரிய ஆள் ஒரே ஒருவர். அவர் வேட்டி கட்டிக்கொண்டு வாசல் ஓரமாக நின்று வியர்த்துக்கொண்டிருந்தார்.

முப்பத்துநாலு என்ற சொல் விழுந்ததுமே சிவசாமியின் கண்ணுக்குள் தராசு வந்து தொங்கியது. பன்னிரண்டா, பத்து. பதினைந்தா, பதின்மூன்று. பதின்மூன்றா, பதினொன்று. நேற்று அந்தியில் அவரே தன் வாயால் சொன்ன கணக்கு. கொழுந்தைத் தராசில் தொங்கவிட்டதும் முள் எதைக் காட்டினாலும், கூடைக்கு ரெண்டு கிலோ கழிவு. பள்ளிக்கூடம் விட்டதும் அம்மாவைத் தேடி மடுவத்துக்கு வந்து நிற்கிற பிள்ளைகள் தினமும் கேட்கிற பாட்டு அது. அவர்களுக்குக் கொழுந்து என்றால் கழிவோடுதான். கழிக்காத கொழுந்தை அவர்கள் கண்டதில்லை.

சொல்லிவிடலாம். சொன்னால் மகள் தப்பிப்பாள். ஆனால் கழிவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று சிவசாமிக்கு ஒரு பயம் இருந்தது. அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. கொஞ்சம் பொறுங்கள்.

"மேடம், ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு..." என்றார்.

"இப்பதான் குடிச்சேன். பிள்ளைகளையே கேப்போமே."

"புள்ளைங்க பயப்படுங்க மேடம். சில புள்ளைங்களுக்குக் காய்ச்சல் வேற..."

"யாருக்குங்க காய்ச்சல்?" என்று வடிவு சீறினாள். "எல்லாம் கல்லு மாதிரி இருக்குதுங்க. மேடம், இவளக் கேளுங்க. லக்சனா, வா தங்கம், முன்னுக்கு வா. எங்க லயம்தான் மேடம். பொய் சொல்லத் தெரியாத புள்ள."

லக்சனா காளியாயியின் மகள். வாசலில் நிற்கிறவரை ஓரக்கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டு முன்னுக்கு வந்தாள்.

"மகள், மூணு பெட்டி மாம்பழம். பன்னெண்டு, பதினஞ்சு, பதிமூணு. மொத்தம்?"

"நாப்பதுங்க மேடம்."

"கெட்டிக்காரி. இப்ப மாம்பழம் இல்ல, கொழுந்து. பன்னெண்டு, பதினஞ்சு, பதிமூணு."

"முப்பத்துநாலுங்க."

மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அதே கணக்குத்தானே? ஏன் கொறயுது?"

லக்சனா வாயைத் திறந்தாள். மறுபடி வாசலைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"சொல்லுங்க மகள். யாரும் ஏச மாட்டாங்க."

பிள்ளை காலை மாற்றி மாற்றி நின்றது. மேடம் வேறு பிள்ளையைக் கேட்டார். அதுவும் வாசலைப் பார்த்துத் தலையைக் குனிந்தது. முப்பத்தொரு பிள்ளைகளும் வாசலைப் பார்த்துத் தலையைக் குனிந்தன. சொல்லிவிட்டால் இன்றைக்கு அந்தியில் அம்மாவின் கூடையை யார் நிறுப்பது என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தக் கணக்கை ஜெயமலர் படிப்பிக்கவில்லை.

"பாத்தீங்களா?" என்றார் மேடம், வருத்தமாக. "யாரோ சொல்லக்கூடாதுன்டு சொல்லி வச்சிருக்காங்க. டீச்சர், எனக்கு விருப்பம் இல்ல. ஆனா ஒங்கட நியமனத்துக்கு நான் இப்ப கையெழுத்து வைக்க ஏலாது."

ஜெயமலர் அழவில்லை. கரும்பலகை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்ன வயதில் ஊசி போடும்போது அப்பாவின் கையை இப்படித்தான் பிடித்துக்கொள்வாள், சத்தம் வராது. சிவசாமிக்கு அது நினைவுக்கு வந்து தொலைத்தது. வராமல் இருந்திருந்தால் மனுஷன் தப்பித்திருப்பார்.

"கூடைக்கு ரெண்டு கிலோ கழிவுங்க மேடம்."

எல்லாரும் திரும்பினார்கள்.

"நான்தான் கொழுந்து நிறுக்கிறவன். கூடைக்கும் ஈரத்துக்கும்னு ரெண்டு கிலோ கழிச்சிட்டுத்தான் அவங்கவங்க பேருல கணக்குப் போடுவோம். மூணு கூடைக்கு ஆறு. நாப்பதுல ஆறு போனா முப்பத்துநாலு. புள்ளைங்க டெய்லி பாக்குறத எழுதியிருக்குதுங்க. எம் மக ஒண்ணும் சொல்லிக் குடுக்கல."

மேடம் கேள்வித்தாளைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். "அப்பிடியா பிள்ளைகள்?"

"ஆமாங்க மேடம்!" முப்பத்தொரு குரலும் சேர்ந்து தகரக் கூரையைத் தூக்கின.

மேடத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தார். அடங்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மேசை மேலேயே குனிந்துவிட்டார். அதிபர் கனகலிங்கம் நெஞ்சில் கை வைத்து, "அப்ப பிள்ளையள் பிழையா எழுதேல்லை எண்டு சொல்லுங்கோ. கேள்விதான் பிழை!" என்றார். தேநீர் எங்கே என்று அவர் கண் தேடத் தொடங்கியது.

"அதுதானே பாத்தேன்!" என்று வடிவு மார்பை நிமிர்த்தினாள். "எங்க வீட்டுக்காரரு சொன்னா சரியா இருக்கும் மேடம். இது தொரை உத்தரவு. எல்லாருக்கும் ஒண்ணுதான். என் கூடையிலயும் ரெண்டு கிலோ கழிப்பாரு. பொண்டாட்டின்னு பாக்க மாட்டாரு."

"அப்பிடியா, நல்லம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்ட மேடம், தன் பையிலிருந்த கடதாசிகளைப் புரட்டினார். "இப்பதான் எனக்கு இன்னொண்டும் வெளங்குது. ஒங்கட தோட்டத்து மேல்பிரிவுப் பள்ளிக்கூடத்துல கனபேர் இதே கேள்விக்கு முப்பத்தேழுன்டு எழுதியிருக்காங்க. இதென்னா புதினமான விடைன்டு யோசிச்சேன். அப்ப அங்க கூடைக்கு ஒரு கிலோ, என்னா?"

சிவசாமிக்கு வேட்டி இடுப்பில் நிற்கிறதா என்று ஒரு சந்தேகம் வந்தது. கையால் பிடித்துக்கொண்டார்.

"மேல்பிரிவுக்கும் இதே தொரைதானே?" என்று மேடம் வெள்ளை மனதோடு கேட்டார்.

வடிவு மெதுவாகத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் முப்பத்தேழுக்கும் முப்பத்துநாலுக்கும் நடுவில் எத்தனை என்று கண்டுபிடிக்க அவளுக்கு விரல் தேவைப்படவில்லை.

"சரி, டீச்சருக்கு ஒண்டும் இல்ல" என்று மேடம் எழுந்தார். "அறிக்கையில எழுதிடுறேன். போற வழியில தோட்டத்து ஆபீஸுல இந்தக் கழிவு விசயத்த ஒருக்கா கேட்டு உறுதிப்படுத்தினாப் போதும். வாய்ப்பேச்சுல கையெழுத்து வைக்கக் கூடாது பாருங்க."

அன்றைக்கு வெயில். ஒரு வாரமாகவே வெயில். கொழுந்தில் ஈரம் என்று சொல்ல ஒரு துளியும் கிடையாது.

அந்தி நிறுவைக்கு மடுவத்தில் வழக்கத்தைவிடக் கூட்டம். பள்ளிக்கூடத்தில் பேசினது மலைக்கு எப்படி ஏறியது என்று என்னைக் கேட்காதீர்கள். நாலாம் வகுப்பு மொத்தமும் தராசைச் சுற்றிக் குந்தியிருந்தது. பிள்ளைகளைக் கலைத்து வீட்டுக்கு அனுப்புகிறேன் என்று வந்த ஜெயமலரும் ஓரமாக நின்றாள். வடிவு லீவு என்றாலும் வந்திருந்தாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பேசவில்லை. அதுதான் சிவசாமிக்குப் பயமாக இருந்தது.

முதல் ஆள் காளியாயி. கொழுந்தைக் கொக்கியில் மாட்டினாள்.

"பதினேழு!" முள் நிற்கும் முன்பே பிள்ளைகள் கத்தினார்கள். எழுத்து எங்கே கண்டாலும் வாசிக்கப் பழக்கியிருக்கிறாளே டீச்சர்.

சிவசாமி தொண்டையைச் செருமினார்.

"கணக்கப்பிள்ளை ஐயா," என்றாள் காளியாயி, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "இன்னைக்கு நல்ல வெயிலுங்க. என் கொழுந்துக்கு வேர்த்திருந்தா அதையும் கழிச்சிக்குங்க."

பெண்கள் சிரித்தார்கள்.

"பதினாறு" என்றார் சிவசாமி, தரையைப் பார்த்து.

கழிவு ஒன்றாகிவிட்டது. ஒரு பெருமூச்சு மடுவம் முழுக்கப் போய் வந்தது. அதோடு விட்டிருக்கலாம். லக்சனா கையைத் தூக்கினாள், வகுப்பில் தூக்குவது போலவே.

"டீச்சர், ஒரு கேள்வி."

"கேளு" என்றாள் ஜெயமலர், எந்தப் பள்ளத்தில் கால் வைக்கிறோம் என்று தெரியாமல்.

"நேத்து வரைக்கும் ரெண்டு கழிச்சாங்க. இன்னைக்கு ஒண்ணு. அப்ப இவ்வளவு நாளாக் கழிச்ச இன்னொரு கிலோ எங்க இருக்கு? கழிச்சதும் எங்கயோ ஒரு எடத்துல இருக்கணும்னு சொன்னீங்கல்ல?"

இனி உங்களிடம் மறைப்பதற்கில்லை. தொரை சொன்னது ஒரு கிலோதான். முந்தின வருஷம் பெருமழையில் கொழுந்து தண்ணீராய் வந்தபோது, ஆலையில் போய் நிறுத்தால் குறைகிறதே என்று சிவசாமி இரண்டாகக் கழித்தார். மழை விட்டது. கை விடவில்லை. ஆலையில் நிறை குறையாததால் தொரை முதுகில் தட்டிக் கொடுத்தார், அது சுகமாக இருந்தது. அப்புறமும் கிலோ மிஞ்சியது. மிஞ்சினதை யாராவது ஒருத்தர் பெயரில் போட்டுத்தானே ஆகவேண்டும்? பேசிக்கொண்டே கொழுந்து எடுத்து, கூடை நிறையாமல் மலையிலிருந்து இறங்குகிற ஒருத்தி பெயரில் தினமும் கொஞ்சம் போட்டார். அவள் முகம் வாடக்கூடாது என்றுதான். கடிகாரம் வரும் என்று அவர் நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை.

"அதெல்லாம் ஆபீஸ் விசயம், அடுத்த ஆளு!" என்று சிவசாமி போட்ட சத்தத்தில் அவருக்கே நம்பிக்கை இல்லை.

ஜெயமலர் அப்பாவைப் பார்த்தாள். அப்புறம் அம்மாவைப் பார்த்தாள். காலையில் தனக்காக வாய் திறந்த மனுஷன் இவர். மாங்காயைத் தின்றதும் இவர்தானோ? பிள்ளைகளிடம் திரும்பி, "நல்ல கேள்வி லக்சனா" என்றாள். "விடை கெடைக்கிற வரைக்கும் விடக்கூடாது."

சிவசாமி வீட்டுக்கு வந்தபோது அடுப்பு எரியவில்லை. வடிவு நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தாள், காலையில் நின்ற அதே இடத்தில். கையில் துணி இல்லை.

"என்னங்க."

"ம்."

"போன வருசம் நான் காளியாயிய ஜெயிச்சேனே. நெசமாவே ஜெயிச்சேனா?"

சிவசாமி சட்டைப் பொத்தானைக் கழற்றுவதில் மும்முரமானார். ஒரு பொத்தானுக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை.

"அவ கையி எவ்வளவு வேகம்னு பக்கத்து நெரையில நிக்கிற எனக்குத் தெரியாதா? பரிசு குடுத்த அன்னைக்கே எனக்குள்ள ஒண்ணு கேட்டுச்சு. சும்மா கெடன்னு அதட்டி வச்சேன்." அவள் குரல் ஏறவில்லை. "ஊருல எல்லார் கூடையிலயும் எடுத்து என் கூடையில போட்டீங்களா? அத வச்சிக்கிட்டுத்தான் நான் அவ வீட்டு வாசல்ல போயி கேசரி குடுத்தனா?"

"வடிவு, நீ சந்தோசமா இருக்கணும்னு..."

"சந்தோசமாத்தாங்க இருந்தேன். அதான் இப்ப வயிறு எரியுது."

அவள் கடிகாரத்தை ஆணியிலிருந்து கழற்றினாள். அது கையிலும் ஓடிக்கொண்டிருந்தது, நடந்தது எதுவும் தெரியாததுபோல். முந்தானையில் சுற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள், கொழுந்துக் கூடையை இறக்கி இடுக்குகிற மாதிரியே.

வெளியே காலடிச் சத்தம். ஆபீஸ் காவல்காரர் அழகன் வாசலில் தலையை நீட்டினார்.

"கணக்கப்பிள்ளை ஐயா, நாளைக்குப் பெரட்டு முடிஞ்சதும் தொரை வரச் சொன்னாரு. ஹட்டன் மேடம் வந்து பேசிட்டுப் போனாங்க. தொரை அதுலருந்து கைவிரல்லயே என்னமோ எண்ணிக்கிட்டு இருக்காரு."

அழகன் போய்விட்டார். வடிவு படியிறங்கினாள்.

"எங்க புள்ள போற?"

"கழிச்சது எங்கயோ ஒரு எடத்துல இருக்கணுமாம்ல. கொண்டுபோயி வைக்கப் போறேன்."

சிவசாமி திறந்த சட்டையோடு வாசலுக்கு வந்து நின்றார். லயத்து முனையில் பாதை இரண்டாகப் பிரிகிறது. இடது பக்கம் போனால் மூன்றாவது கதவு காளியாயி வீடு. வலது பக்கம் ஏறினால் தொரை பங்களா. இடது பக்கம் போனால் மானம் போகும், வலது பக்கம் போனால் வேலை போகும் என்று அவர் கணக்குப் போட்டார். எதைக் கழித்தாலும் மிச்சம் வரவில்லை.

வடிவு முனையில் போய் நின்றாள். கடிகாரத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். காளியாயி வீட்டுக் கதவு அப்போதுதான் திறந்தது. லக்சனா வெளியே எட்டிப் பார்த்து, முந்தானை இடுக்கில் தெரிந்த கடிகார முகத்தில் உள்ள எழுத்தைக் கண்டுவிட்டாள்.

கண்டால் சும்மா இருப்பாளா? லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி, தடக்காமல் வாசிக்கத் தொடங்கினாள்.

"சிறந்த... கொழுந்து... எடுத்தவர்..."

அதற்குக் கீழே சண்முகவடிவு என்று பெயர் எழுதியிருந்தது.